கல்லுக்கடியில் ஓர் உளி

பேராக்கில் பழங்காலத்தைப் பார்க்கக் கிளம்பினால் எல்லோரும் லெங்கோங் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். 2012-இல் அந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து பள்ளிக்கூடப் பேருந்துகள் வடக்கே பார்த்து ஓடுகின்றன. நானும் போயிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். மனசு என்னவோ தெற்கேதான் இழுக்கிறது. ஈப்போவிலிருந்து பழைய சாலை. கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர், அதற்கப்பால் சுங்காய், துரோலாக், சிலிம் ரிவர். உங்களுக்கும் தெரிந்த சாலைதானே. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை முழுசாகத் திறந்த பிறகு இந்த ஊர்களெல்லாம் பச்சைப் பலகையில் பெயராக வந்து பெயராகப் போகின்றன. முன்பு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாசம் உண்டு. கம்பாரில் பிஸ்கட் சுடும் வாசம். பீடோரில் கடை வாசலில் தொங்கும் பெத்தாய்க் கொத்தும், கூடைக் கொய்யாவும். சுங்காயைத் தாண்டியதும் பஸ் சன்னல் வழியே புளித்த கித்தாப் பால் வாசம். அது மூக்கில் ஏறியதும் அம்மா தூக்கம் கலைந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வீடு வந்துவிட்டது.

வெளியாட்கள் அந்த வாசத்துக்கு மூக்கைப் பொத்துவார்கள். நமக்கு அது சோற்று வாசம். பால் ஸ்டோரில் ஆசிட்டு ஊற்றி உறைய வைக்கும் காரம், புகைக்கூட்டில் தொங்கும் ஷீட்டின் கருக்கல் வாடை, விடிகாலையில் என் பாட்டி, எங்கள் ஆயா, இடுப்பில் கட்டிக்கொள்ளும் கொசுவத்திப் புகை. பெரட்டுக்கு மணி அடிக்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். லயத்து வாசலில் வரிசையாகத் தலைவிளக்குகள் எரிகின்றன. யாரோ இருமுகிறார்கள், யாரோ வாளியை உருட்டுகிறார்கள், ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிப் போகும் கைப்பிள்ளை ஒன்று அழுகிறது. வெளிச்சம் வருவதற்குள் எல்லோரும் அவரவர் நிரையில் காணாமல் போய்விடுவார்கள். பிறகு காடு முழுக்க ஒரே அமைதி. இலையுதிர் மாசங்கள் கழிந்து காய் முற்றிவிட்டால் மட்டும் கித்தாக் கொட்டை வெடித்துத் தெறிக்கும் சத்தம், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அந்தக் கொட்டையைப் பொறுக்கிக் கல்லில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் நிற்பவன் கையில் வைப்போமே, நினைவிருக்கிறதா?

நாங்கள் தேய்த்த கல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் கடைசித் தீம்பாரின் ஓரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கு மேலே சின்ன மேடு. அங்கே பெரிய பெரிய கற்பலகைகள், கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்ததுபோல், பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாக நின்றன. பக்கத்துக்கு ஒன்றாக நீள வாக்கில் இரண்டு, தலைமாட்டில் ஒன்று. மூடியாக இருந்திருக்க வேண்டிய பலகை ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். சுற்று வட்டாரத்தில் அப்படிப்பட்ட பாறை கிடையாது. எங்கிருந்தோ தூக்கி வந்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். பாசி படிந்து பச்சை பூத்திருந்தாலும் உள்பக்கத்தைத் தொட்டால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கும்.

ஒரு நாள் அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன். பால் எடுக்கக் காண்டாவோடு வந்த தாத்தா நின்றுவிட்டார்.

"டேய் தம்பி, எறங்கு. யார் வீடுன்னு தெரியாம மேல ஏறக் கூடாது."

"இது வீடா தாத்தா?"

"எங்க ஊரு மலையில இதே மாதிரி நெறைய கெடக்கு. பாண்டவர் வீடுன்னு சொல்வோம். அஞ்சு பேரும் வனவாசத்துல வந்து தங்குனதாம். ஆடு மேய்க்கப் போனா மழைக்கு அதுக்குள்ளதான் ஒண்டுவோம். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவோம்."

தாத்தாவின் ஊர் பழைய சேலம் ஜில்லாவில் கிருஷ்ணகிரிப் பக்கம். வெகு காலம் கழித்து மல்லசந்திரத்து மலைக்குப் போனபோதுதான் அவர் சொன்னதன் அளவு எனக்குப் புரிந்தது. மலை முதுகு முழுக்கக் கல்திட்டைகள். மேலே மூடுபலகை, சுற்றிலும் கல்வட்டம், காற்று மட்டும் போய்வரும் வீடுகள். ஆடு மேய்ப்பவர்கள் இன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா ஒண்டிய கல் எதுவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இப்படித் திட்டையும், மண்ணுக்குள் பலகை நிறுத்திக் கட்டிய பதுக்கையும் உண்டு. பிறந்த மண்ணில் பார்த்த ஒன்றைக் கடல் தாண்டி வந்த இடத்தில், கித்தா மரத்துக்கு நடுவில் பார்த்தபோது அந்த இளவட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்? கப்பலேறி வந்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நாகப்பட்டினத்துக் கடலோரம், ரஜூலா கப்பலின் அடித்தட்டு, பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் மொட்டையடித்து மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டியது. எதைச் சொன்னாலும் முகம் இறுகும். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் இளகிவிடும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்போங். அங்கிருந்து வாழைக்காயும் மீனும் கொண்டுவந்து விற்கும் மலாய்க்காரப் பாக்சிக் ஒருவர் ஆயாவுக்கு ரொம்பவும் வேண்டியவர். கல் பக்கம் போகாதே என்று அவரும் எங்களை விரட்டுவார். அவர் சொன்ன கதை வேறு. காட்டில் மாவாஸ் என்று ஒரு பெரிய வாலில்லாக் குரங்கு இருந்ததாம். அதன் முழங்கை எலும்பு இரும்பாம். அது செத்து மண்ணோடு போனாலும் இரும்பு எலும்பு மட்டும் அப்படியே கிடக்குமாம். தெற்குப் பேராக்கிலும் பகாங்கிலும் நிலம் கொத்தும்போது அகப்படும் விநோதமான பழைய இரும்புச் சாமான்களை மலாய்க்காரர்கள் 'துலாங் மாவாஸ்' என்றுதான் சொல்லிவந்தார்கள். நீண்ட காம்பு, பிடி செருகும் குழி, வளைந்த அலகு. கோடாலி போலவும் தெரியாது, கத்தி போலவும் தெரியாது. இதே இரும்புதான் எங்கள் மேட்டில் இருந்ததுபோன்ற கற்பலகைக் கல்லறைகளுக்குள்ளும் கிடந்தது. ஆயா இரண்டு கதையையும் நம்பினாள். வெள்ளிக்கிழமை முனியாண்டிக்குச் சூடம் கொளுத்திவிட்டு, மிச்சத்தில் ஒரு வில்லையை அந்த மேட்டிலும் கொளுத்தி வைப்பாள். அவளுக்குக் கல் என்றால் சாமி. லயத்துக் கோடியில் இருந்த முனியாண்டியும் மரத்தடியில் நட்ட ஒரு கல்தானே. காடு வெட்டி முடித்த நாளில் யாரோ ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஊரில் விட்டுவந்த காவலை இங்கே வரவழைத்துக்கொண்டார்கள்.

ஐவர் எவன்ஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயரை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது தாத்தா இல்லை. 1883-இல் தொடங்கிய தைப்பிங் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் எவன்ஸ். 1927-இல் பெர்ணம் ஆற்றுப் பக்கம் சங்காட் மந்திரியில் இப்படிப்பட்ட கல்லறையைத் தோண்டிப் பார்த்து எழுதி வைத்தார். தாத்தா கப்பலேறியதும் ஏறக்குறைய அந்த வருஷங்களில்தான். 1936-இல் சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து காலிங்ஸ் வந்து மேற்கொண்டு பார்த்தார். சுங்காய், சிலிம், பெர்ணம் ஆறுகளின் ஓரமாகவே இந்தக் கல்லறைகள் கிடைத்தன. கருங்கல் பலகைகளை நிறுத்திப் பெட்டி கட்டி, அடியில் பலகை பரப்பி, மேலே மூடியிருக்கிறார்கள். உள்ளே இரும்புக் கருவிகள், உடைந்த பானை ஓடுகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள். எலும்பு மிஞ்சவில்லை. நம் செம்மண்ணின் புளிப்பு அதைத் தின்றுவிட்டது. செத்தவர் கரைந்துபோக, அவரோடு வைத்தது மட்டும் இருக்கிறது.

யார் அவர்கள்? சாவாவில் குனோங் கிடுல் வட்டாரத்திலும் இதேபோலப் பலகைக் கல்லறைகள் உண்டு, உள்ளே இரும்பும் மணியும் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் அந்தப் பக்கம்தான் உறவு பார்க்கிறார்கள். தாத்தாவின் பாண்டவர் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லை நிறுத்திப் பெட்டி கட்டி அன்பானவரை உள்ளே வைக்கும் எண்ணம் உலகத்தில் பல மண்ணில் தானாகவே முளைத்திருக்கிறது. மணிகளின் கதை மட்டும் வேறு. கொங்கு நாட்டில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறதே, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தோண்டத் தொடங்கிய ஊர், அங்கே சூதுபவளத்தை உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணி செய்த பட்டறைகள் கிடைத்தன. அங்கும் பதுக்கைகள், அவற்றுக்குள்ளும் அதே சிவப்பு மணிகள். பேராக்கின் கடலோரத்தில் கோலச் சிலிங்சிங் என்ற சதுப்புநிலத் தீவில் இதே எவன்ஸ் தோண்டியபோது மணிகளோடு ஒரு சூதுபவள முத்திரையும் கிடைத்தது. தென்னாட்டு எழுத்துச் சாயலில் 'ஸ்ரீ விஷ்ணுவர்மன்' என்று வெட்டிய முத்திரை. இன்னும் வடக்கே, தாய்லாந்தின் கிராபியில் தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பொற்கொல்லனின் உரைகல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். பெரும்பதன் என்பது அவன் பெயர். தாத்தாவுக்குப் பதினைந்து நூற்றாண்டுக்கும் முன்னால் தன் சாமான் மூட்டையோடு இந்தக் கரையில் இறங்கிய ஆள்.

சூதுபவள மணி ஒன்றை நான் அருகில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான், இருந்தாலும் மூக்கு ஒட்டும் தூரம். சுண்டைக்காயை விடச் சிறிசு. நடுவில் துளை. துளையின் வாய்ப்பக்கம் கொஞ்சம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. நூல் ஓடி ஓடித் தேய்ந்த இடம் அது. யாரோ கழுத்தில் கிடந்து, குனியும்போதும் நிமிரும்போதும் ஆடியிருக்கிறது. ஆயாவின் தாலிக்கொடியில் இரண்டு பக்கமும் பவளம் கோத்திருக்கும். பால் மரத்தடியில் குனிந்து மங்கிலிருந்து பாலை வழிக்கும்போது அது முன்னால் வந்து விழும், பல்லால் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். அந்தப் பவளத்தின் துளையும் இப்படித்தான் தேய்ந்திருந்தது.

ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு குகைகள் பழகின. தம்புன் பாறை ஓவியங்களைப் பார்க்கப் படியேறிப் போனால் சுண்ணாம்புப் பாறை முகத்தில், ஆள் எட்ட முடியாத உயரத்தில், செங்காவிக் கல்லால் தீட்டிய உருவங்கள். மான், கடல் பசு மாதிரி ஒன்று, கையைத் தூக்கிய மனிதர்கள். 1959-இல் கூர்க்காப் படை அதிகாரி ராலிங்ஸ் என்பவர் இவற்றைக் கண்டு சொன்னார். பின்னால் வந்தவர்கள் எண்ணிப் பார்த்து 600-க்கும் மேற்பட்ட உருவங்களைப் பதிந்திருக்கிறார்கள். அதே சுண்ணாம்பு மலைகளின் தொடர்ச்சிதான் நம் குனோங் சீரோ. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குகைக்குள் முருகனை வைத்துக் கல்லுமலைக் கோயில் ஆக்கினார்கள் நம்மவர்கள். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து காவடி வரும் வழியெல்லாம் தேங்காய்ச் சிதறல், பன்னீர், வறுத்த கச்சாங் பூத்தே வாசம். 1973-இல் அந்த மலையிலிருந்து பாறை சரிந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் ஜனங்கள் மலையை விட்டுப் போகவில்லை. பாறைக்கு முன்னால் நின்றால் மனுசனுக்கு ஏதாவது தீட்டவோ நடவோ கும்பிடவோ தோன்றுகிறது. தோன்றாத காலம் இருந்ததாகத் தெரியவில்லை.

லெங்கோங் போன கதையைச் சொல்கிறேன் என்றேனே. 1938-இல் இதே காலிங்ஸ் அங்கே கோத்தா தம்பானில் கற்கருவிகளைத் தேடிப் போனார். 1991-இல் சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுராய்னா மஜிட்டின் குழு குவா குனோங் ருந்து குகையில் ஒரு முழு மனிதனைக் கண்டெடுத்தது. பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பேராக் மனிதன். காலை மடக்கிக் கருப்பையில் கிடக்கும் வாக்கில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் கற்கருவிகள், ஆற்று நத்தை ஓடுகள், இறைச்சி வைத்ததன் மிச்சம். பிறவியிலேயே அவனுக்கு ஒரு கை சூம்பியிருந்திருக்கிறது. வேட்டையாடித் தின்ற காலத்தில் ஒரு கை விளங்காதவனை நடுவயது வரை சோறு போட்டுக் காப்பாற்றி, செத்ததும் மலைமேல் தூக்கிக்கொண்டு போய், வழிச் சாப்பாடும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த எலும்புகளின் முன்னால் நின்றபோது எனக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த பால் தூக்கி ஒருவரின் நினைவு வந்தது. அவருக்கு எந்த வீட்டிலும் தட்டு உண்டு. அவர் செத்த அன்று மரம் வெட்டு இல்லை, யாரும் பெரட்டுக்குப் போகவில்லை.

தோட்டத்துச் சாவு உங்களுக்கும் தெரியும். விடிய விடியத் தப்பு. லயத்து நடுவில் எரியும் கித்தாக் கட்டையின் புகை. கறுப்புக் கோப்பி, சீட்டாட்டம், திண்ணைக்குத் திண்ணை அந்த மனிதரைப் பற்றிய கதை. காலையில் நீர்மாலை. பாடை புறப்படும்போது ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளைக்கூட வெளியே தூக்கிவந்து காட்டுவார்கள். மயானத்தில் குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்து உடைக்கும்போது எழும் அந்தச் சத்தம்.

தாத்தாவின் உளியைச் சொல்ல வேண்டும். மாலையில் குளித்து, சுருட்டைப் பற்ற வைத்து, லயத்துப் படியில் உட்கார்ந்து அதைத் தீட்டுவார். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர். சர்க், சர்க் என்று ஒரே தாளத்தில் ஓடும் சத்தம். வீட்டுக்கு வீடு அந்த நேரத்தில் அதே சத்தம்தான். கட்டை விரலில் கூர் பார்த்துவிட்டுத் துணியில் சுற்றி இறவாணத்தில் செருகுவார். பிடி முழுக்கப் பால் பட்டுப் பட்டுக் கறுத்து, அவர் விரல் பதியும் இடங்களில் மட்டும் குழிந்திருக்கும். அலகு வருஷக்கணக்கில் தீட்டிப் பாதியாகியிருந்தது. அவர் கையில் மரம் காயம்படாது. பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவுவார், பால் கோடு பிடித்து வழிந்து மங்குக்குள் சொட்டும். 1942 சனவரியில் ஜப்பான்காரன் டாங்கிகள் துரோலாக் வழியாகச் சிலிம் ரிவருக்கு உருண்டு போனபோது அவர் ஆயாவையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அந்தக் கல் மேட்டுப் பக்கம்தான் பதுங்கியதாகச் சொல்வார். இடுப்பில் உளி மட்டும் இருந்ததாம். அடுத்த வருஷம் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போன அவர் தம்பி திரும்பவே இல்லை. ஊர் தெரியாது, குழி தெரியாது. தம்பிக்குத் திதி கொடுக்கும் நாளில் தாத்தா அந்த மேட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கல்லுக்குள் யார் இருந்தால் என்ன, யாரோ ஒருவரின் தம்பிதானே என்பது அவர் கணக்கு.

தாத்தாவைப் புதைத்தபோது வெற்றிலை, பாக்கு, ஒரு வெள்ளிக் காசு, சுருட்டு எல்லாம் வைத்தார்கள். மண் தள்ளப் போகும் நேரத்தில் ஆயா, "இருங்கப்பா" என்றாள். மடியிலிருந்து துணிச் சுருளை எடுத்தாள். உளி. குழிக்குள் குனிந்து அவர் வலது கைப் பக்கம் வைக்கச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தலைமாட்டில் ஓடையிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லை நட்டு, கால்மாட்டில் குரோட்டன் செடி ஒன்றை ஊன்றினோம். எவன்ஸ் எழுதியதைப் பின்னால் நான் படித்தபோது இரும்புக் கருவிகள் என்ற இடத்தில் கண் நகரவில்லை. அந்தப் பெட்டியில் இரும்பை வைத்த கையும் ஒரு பெண்ணின் கையாக இருந்திருக்கலாம். மண் தள்ளப் போகும் நேரத்தில் "இரு" என்று ஏதோ ஒரு பாஷையில் அவளும் சொல்லியிருப்பாள்.

தோட்டம் கை மாறியது. நாடு முழுக்க அது நடந்ததுதான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், துண்டாடலுக்குக் குறுக்கே நிற்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாசம் பத்து வெள்ளி போடுங்கள் என்று கேட்டார். அப்பாவும் போட்டார். சில தோட்டங்கள் பிழைத்தன. எங்களுடையது பிழைக்கவில்லை. கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயம் லயமாக ஜனங்கள் சுங்காய்க்கும் தஞ்சோங் மாலிமுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூர் அடுக்குமாடிக்கும் போனார்கள். மாரியம்மனைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். முனியாண்டியை எடுத்தார்களா, அங்கேயே விட்டார்களா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். செம்பனைக் காட்டுக்குள் எப்போதும் அந்தி நேரம்தான். பழக்குலை அழுகும் எண்ணெய் வாடை. காவலுக்கு நின்ற வங்காளதேசத்துப் பையன் மரியாதையாகப் பேர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டான். லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. செம்பனை நிரைக்கு நடுவே ஒரு முருங்கை, அப்புறம் ஒரு கறிவேப்பிலைப் புதர், அப்புறம் ஒரு மாமரம் என்று ஒரே கோட்டில் நின்றன. எந்த வீட்டு முருங்கை, எந்த வீட்டு மாமரம் என்று என்னால் சொல்ல முடிந்தது. காலால் மண்ணைக் கிளறினால் உடைந்த மங்குத் துண்டு. கிளறிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மங்குத் துண்டு. இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து ஒருத்தன் இங்கே தோண்டினால் இதைத்தான் எண்ணி எண்ணி எழுதி வைப்பான்.

மேட்டில் கற்பலகைகள் இருக்கின்றன. புல் மண்டியிருந்தாலும் அதே சாய்வு, அதே பாசி. மேட்டைச் சுற்றி நான்கு மரம் குறைத்து நட்டிருக்கிறார்கள். மெஷின் ஓட்டி வந்தவனுக்கும் யார் வீடுன்னு தெரியாம மேல ஏறக் கூடாது என்று தோன்றியிருக்கிறது.

மயானம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அதாவது இருந்தது. மேடும் பள்ளமுமாக இருந்த நிலத்தை மட்டம் தட்டி நட்டுவிட்டார்கள். தலைமாட்டுக் கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குரோட்டன் இருக்குமா என்று நிரை நிரையாகப் பார்த்தேன். எல்லா நிரையும் ஒரே மாதிரி இருந்தன. இடம் தெரியாமல் போனது எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை. பத்து காஜாவுக்குப் போனால் கெல்லி ஸ்மித் என்ற துரை, தமிழ் ஆட்களை வைத்துக் கட்டிய கோட்டையைப் பார்க்கலாம். அந்தக் கட்டுமானத்தின்போது விஷக் காய்ச்சலில் பலர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்டபடி துரை மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். கோயில் கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி வைத்த துரை சிலையும் நிற்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் கைகாட்டிச் சொல்கிறார்கள். காய்ச்சலில் போனவர்கள் கிடக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்ல அங்கே ஆள் யாரையும் நான் பார்க்கவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பி, புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கும் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். பசியாறிவிட்டுத்தான் பேச விட்டார். மயானம் மட்டமாகிவிட்டது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதனால என்ன தம்பி, எனக்குத் தெரியும்" என்றார். டீத் தம்ளரை நகர்த்திவிட்டு மேசைமேல் விரலால் கோடு போட்டார். "இது ஓடை. இது தண்ணித் தொட்டி. தொட்டிக்குக் கெழக்கால எங்கப்பா. அவரு கால்மாட்டுல ஒங்க தாத்தா. அதுக்குப் பக்கத்துல அம்மையில போன மூணு புள்ளைங்க, வரிசையா. நீ எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன். கல் மேட்டிலிருந்து எத்தனை நிரை தள்ளித் தொட்டி இருந்தது என்பது அவருக்குச் சரியாக நினைவிருந்தது. அந்த நிரையில் மரம் வெட்டியவர் அவர்தான்.

எங்கள் தோட்டத்துக்கு இப்போது ஒரு படம் இருக்கிறது. கையால் போட்டது. வடக்கைக் காட்ட நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே அடையாளம் அந்தக் கற்பலகைகள். பேர் தெரியாத அந்தப் பழைய ஜனங்கள் அசையாமல் நின்றதால்தான் எங்கள் ஜனங்களின் இடத்தை எங்களால் அளந்து குறிக்க முடிந்தது. தாத்தாவின் இடம் தெரிகிறது. உளி அங்கே இருக்கும். இரும்பு இந்த மண்ணில் நெடுங்காலம் தாங்கும் என்று எவன்ஸ் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் தோட்டத்துப் பெரியவர்களில் யாராவது இன்னும் இருந்தால் இந்த மாசமே போய் உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஓடை எங்கே, ஸ்டோர் எங்கே, யார் யார் பக்கத்தில் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது வேறு எந்த ஏட்டிலும் இல்லை. எழுதி முடித்ததும் இடத்தைப் பார்க்கத் தெற்கே கிளம்புவீர்கள்தானே? நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையில் வாருங்கள். ஈப்போவைத் தாண்டும்போது சொல்லுங்கள், நானும் வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.